உன் தங்கை போன் கேட்டால்

அன்புள்ள மகனுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, அடுத்த மாதம்தான் முகூர்த்தம். எனக்கு இப்போது பத்தொன்பது வயது. இதை நீ படிக்கும்போது உனக்கும் அதே வயது ஆகியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதலில் மகளுக்கு என்றுதான் ஆரம்பித்தேன். நான்கு வரி எழுதியதும் பேனா நின்றுவிட்டது. மகள் பிறந்தால் அவளுக்கு இதெல்லாம் நான் சொல்லாமலே தெரிந்துவிடும். தெரியாமல் போகக்கூடியவன் நீதான். வீட்டில் போன் உன் கையில்தான் இருக்கும். அது எப்படி உன் கைக்கு வந்தது என்று நீ ஒருநாளும் யோசித்திருக்க மாட்டாய். நாலு பேர் எதிரில் நின்றால் எனக்கு வாய் வராது. உன்னிடம் நேரில் சொல்லும் தைரியம் அப்போதும் இருக்குமோ இருக்காதோ, அதனால் இப்போதே எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில். அப்பாவுக்குச் சொந்தமாக இரண்டு காணி நிலம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுவோம், தண்ணீர் இருந்தால் நெல். நான் திண்டிவனத்தில் படித்தேன், பத்தாவது வரைக்கும். பத்தாவது முடித்த கோடையில் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனது. ஆறு மாதம் குடம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஒரு வருசம் வூட்ல இரு பாப்பா, அடுத்த வருசம் நானே இட்டுக்கினு போயி சேத்து வுடறேன்" என்றார் அப்பா. அடுத்த வருஷம் வந்தது. அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சேர்த்து விட்டிருப்பார் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது. அவர் கெட்டவர் இல்லை. கேட்காத பிள்ளைக்கு ஒன்றும் வேண்டாம் போலிருக்கிறது என்று நினைப்பவர், அவ்வளவுதான். நீ அவரைப் போல இருந்தால், உன் வீட்டில் யார் எதையும் கேட்காமல் இருக்கிறார்கள் என்று ஒரு முறை திரும்பிப் பார்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு சிநேகிதிகள். ஒருத்தி ரேவதி. வாய் மூடாமல் பேசுவாள். இன்னொருத்தி கௌசல்யா. நான் பேசாமல் இருக்கும்போது அவளும் என் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அதனாலேயே அவளை எனக்கு அதிகம் பிடிக்கும். கௌசல்யாவின் ஊர் திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம். எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு பெண் இரண்டு பஸ் ஏற முடியாது. துணி எடுக்க, ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு, சாவுக்கு என்று ஏதாவது ஒரு காரணம் வேண்டும். சிநேகிதியைப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் காரணத்தில் சேராது. அப்படியாக, பள்ளியை விட்ட பிறகு நாங்கள் மூவரும் போனில்தான் உயிரோடு இருந்தோம்.

ஆனால் எங்களில் ஒருத்திக்கும் சொந்தப் போன் கிடையாது. ரேவதி பேசியது அவள் அப்பா போனில். கௌசல்யா, லோடு வண்டி ஓட்டும் அவள் அண்ணன் சரவணனுடைய போனில். நான் என் அம்மா போனில். ரேஷனுக்கும் கேஸுக்கும் ஓடிபி வருகிறதே என்று அப்பா வாங்கிக் கொடுத்த டச் போன் அது. டிவிக்குப் பக்கத்தில் எப்போதும் சார்ஜில் கிடக்கும். 'பத்தாவது பி' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் வைத்திருந்தோம். வெளியாள் யாராவது அந்தக் குரூப்பைத் திறந்து பார்த்தால், எங்கள் முகம் ஒன்றும் தெரியாது. ஒரு முருகர் படம், கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு பைக்கில் சாய்ந்திருக்கும் ஒரு இளைஞன், என் அம்மா அப்பாவின் ஜோடிப் படம், அவ்வளவுதான் இருக்கும். இதைப் பற்றி ரேவதி ஒருமுறை எழுதினாள்: "ஏய், நம்ப குரூப்ல பொம்பளையே கம்மிடி. முருகர் பேசறாரு, கூலிங்கிளாஸ் பேசறாரு, ஒரு கல்யாண ஜோடி பேசுது." அடுப்படியில் நின்று அதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில், "இன்னாடி தனியா சிரிக்கற?" என்று அம்மா எட்டிப் பார்த்தார்.

எங்களுக்கென்று ஒரு முறை இருந்தது. பேச வேண்டுமென்றால் முதலில் ஒரு காலை வணக்கம் படம் அனுப்ப வேண்டும், ரோஜாப்பூவும் பனித்துளியும் போட்ட படம். அதை வீட்டு ஆம்பிளைகள் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள், அப்படிப்பட்ட படம் அவர்களுக்குத் தினமும் ஐம்பது வரும். அந்தப் பக்கத்தில் போன் அவள் கையில் இருந்தால், அதே படம் திரும்பி வரும். அப்புறம் பேசலாம். சாயங்காலம் ஐந்து மணிக்குக்கூட நாங்கள் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருப்போம். பேசி முடித்ததும் அவரவர் பக்கத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். 'எல்லோருக்கும் அழி' என்று கொடுத்தால், ஒரு செய்தி அழிக்கப்பட்டது என்று தடம் விழும். தடத்தைப் பார்த்தால் கேள்வி வரும். அதனால் அவரவர் வீட்டை அவரவர் கூட்டிக்கொள்வது என்று வைத்துக்கொண்டோம். மூன்று வருஷம் இப்படியே போனது. நாங்கள் பேசியதெல்லாம் என்ன என்று நினைக்கிறாய்? என்ன குழம்பு, எந்தச் சீரியல், யாருக்குப் பல்வலி. தப்பு என்று சொல்ல ஒரு வார்த்தை இருக்காது. ஆனாலும் தப்புச் செய்தவர்களைப் போல ஒவ்வொரு நாளும் துடைத்துக்கொண்டிருந்தோம். ஒன்றுமில்லாததை ஒளித்து ஒளித்து, அதை என்னமோ இருப்பது போல நாங்களே ஆக்கிவிட்டோம்.

போன ஆவணியில் கௌசல்யாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. போனுக்குள் வைக்கிற சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்துகிற வேலை. ஹாஸ்டல், சாப்பாடு, மாதம் பிறந்தால் சம்பளம். ஒரு திங்கட்கிழமை சேர வேண்டும். சரவணன் அண்ணன் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் இரண்டு மாதம் அழுது கேட்ட பிறகு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: "எவன்கூடயும் பேச்சு வச்சிக்கினேன்னு தெரிஞ்சிது, போன் உன் கையில பாத்தேன், அன்னிக்கே வேலை கட்." அதையும் அவள் அவருடைய போனிலிருந்தே எங்களுக்கு எழுதினாள். "போன் செய்யற கம்பெனிக்குப் போறேன், போனைத் தொடக் கூடாதாம்" என்று அவள் எழுதியதற்கு ரேவதி, "கண்ணை மூடிக்கினு செய்வியாடி?" என்று கேட்டாள்.

போவதற்கு முன் ஒரு தடவை மூன்று பேரும் பார்த்துவிட வேண்டும் என்று திட்டம் போட்டோம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் பேக்கரி. புதன்கிழமை கௌசல்யா எனக்குத் தனியாக எழுதினாள்: "வெள்ளிக்கெழம கண்டிப்பா வந்துரு. ஜாக்கெட் தைக்கக் குடுக்கணும்னு வூட்ல சொல்லு. அந்த நீலச் சுடிதார் போட்டுக்கினு வா, உனக்கு அதுதான் நல்லாக்கீது. வரலன்னா அவ்ளோதான் சொல்லிட்டேன்." அவள் தன் பக்கத்தில் உடனே அழித்துவிட்டாள். நான் அழிக்கவில்லை. மறந்து அல்ல. என்னை ஒரு இடத்துக்கு வா என்று அதுவரை ஒருத்தரும் எழுதிக் கூப்பிட்டதில்லை. இந்த உடுப்பு உனக்கு நன்றாக இருக்கிறது என்றும் யாரும் சொன்னதில்லை. ஒரு நாள் மட்டும் வைத்திருந்து பார்த்துவிட்டு அழித்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த ஒரு நாளில்தான் அப்பா பட்டா விஷயமாக இ-சேவை மையத்துக்குப் போனார். ஓடிபி வரும் என்று அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு போனார். அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண், "மெசேஜ் வந்துச்சாண்ணா, பாருங்க" என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு மெசேஜ் என்றால் பச்சை நிறத்தில் இருப்பதுதான். அவர் வாட்ஸ்அப்பைத் திறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் கத்தவில்லை. செருப்பைக் கழற்றினார், கால் கழுவினார், என்னை எதிரில் உட்காரச் சொன்னார். கூலிங்கிளாஸ் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"யாரும்மா இது?"

எனக்கு வாய் வரவில்லை. கௌசல்யாவின் அண்ணன் என்று சொன்னால், அண்ணன் ஏன் எனக்கு இப்படி எழுத வேண்டும் என்று வரும். எழுதியது கௌசல்யா என்று சொன்னால், அப்பா அந்த நம்பருக்குப் போன் போட்டுக் கேட்பார். கேட்டால் திங்கட்கிழமை வேலை போய்விடும். இதெல்லாம் ஒரு நொடியில் எனக்குள் ஓடியது. வெளியே பார்த்தவர்களுக்கோ, ஒரு பையனுடைய படத்தைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிற பெண்தான் தெரிந்திருப்பாள்.

"இன்னாடி, வாயில கொழுக்கட்டையா வச்சிக்கினுகீற? சொல்லேன்" என்றார் அம்மா.

அப்பா அந்த நம்பருக்கே போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார்.

"யாருப்பா நீ?"

"நீங்க யாரு? நீங்கதான போன் போட்டீங்க?"

"எம் பொண்ணுக்கு இன்னாத்துக்கு மெசேஜ் போட்ற?"

"சார், நான் எவளுக்கும் போடல. பேஜாரு பண்ணாதீங்க. ராங் நம்பரு" என்று சரவணன் அண்ணன் வைத்துவிட்டார். அவர் சொன்னது சத்தியமான வார்த்தை. அவருடைய போனில் ஒன்றுமே இருந்திருக்காது. ஆனால் அப்பா என்னைப் பார்த்தார். "எப்டி மறைக்கறான் பாத்தியா" என்றார், மெதுவாக, அழுகிறவரைப் போல.

வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. பன்னிரண்டு மணி பஸ் வரைக்கும் இரண்டு பேரும் பேக்கரியில் காத்திருந்தார்களாம். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கட்கிழமை அவள் பஸ் ஏறட்டும், அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, "கெளம்பு பாப்பா, திருவாமாத்தூர் போவணும்" என்றார். உனக்கு அந்தக் கோயில் தெரிந்திருக்கும். அங்கே வட்டப்பாறை என்று ஒரு கல் இருக்கிறது. வரப்புச் சண்டையோ, சந்தேகமோ, பேசித் தீராததை அதன் எதிரில் நின்று சத்தியம் செய்து தீர்த்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அங்கே பொய் சொல்ல யாருக்கும் துணிவு வராது. கோர்ட்டில் பொய் சொன்னவன்கூட அங்கே போகக் கூப்பிட்டால் மூன்று நாள் யோசிப்பான். என்னை அங்கே அழைத்துக்கொண்டு போகிற அளவுக்கு நான் அப்பாவுக்கு யாரோ போல ஆகிவிட்டேன் என்று நினைத்தபோதுதான், அந்த மூன்று நாளில் முதல்முறை அழுதேன்.

விழுப்புரம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் போனோம். பாறைக்கு எதிரில் நிற்க வைத்தார். "நான் கேக்கறதுக்கு மட்டும் சொல்லு. அந்தப் பையனுக்கும் உனக்கும் எதனா உண்டா?" என்றார்.

"இல்லப்பா. சத்தியமா இல்ல. எனக்கு எந்தப் பையனையும் தெரியாது."

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா. அது உண்மை. அப்பாவின் தோள் சட்டென்று இறங்கியதைப் பார்த்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அது போதும், அதற்கு மேல் அவர் அங்கே ஒன்றும் கேட்கவில்லை. இதை நன்றாகக் கவனி மகனே. சத்தியம் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். நான் செய்த தப்பு அதற்குப் பிறகு, வெளியே சோடாக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நடந்தது. எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். சின்ன வயதில் கேட்பது போல, "அப்பறம் யாருதான் பாப்பா அது?" என்றார். அந்தக் குரலைக் கேட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. "கௌசல்யாப்பா. கூடப் படிச்சவ. அவங்க அண்ணன் போன்லேர்ந்து பேசுவா. யார்கிட்டயும் சொல்லாதப்பா" என்றேன். "நான் யார்கிட்ட சொல்லப் போறேன்" என்றார். இன்னும் ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பேசவே தெரியாத நான் அன்றைக்குப் போய்ப் பேசினேன்.

அப்பா ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. அவருக்குச் சந்தோஷம். சந்தோஷத்தில் மனிதர்கள் எதையாவது சரிசெய்துவிட வேண்டும் என்று துடிப்பார்கள். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நான் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவர் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். "தம்பி, நான்தான் அன்னிக்கிப் பேசனது. கோச்சிக்காத. உன் தங்கச்சிதானாம், எம் பொண்ணுகூடப் படிச்சதாம். நான்தான் தப்பா நெனச்சிக்கினேன்." அந்தப் பக்கத்திலிருந்து, "அப்டியா சார், பரவால்ல சார்" என்று குரல் வந்தது. கொஞ்சம் கழித்து, "என் போன்லயா சார்?" என்று கேட்டது. "ஆமாம்பா, புள்ளைங்க விளையாட்டு" என்று அப்பா சிரித்தார். நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

மறுநாள் ரேவதியிடமிருந்து வந்தது: "கௌசியை அனுப்பலடி. கட்டன பையைப் பிரிச்சிட்டாங்க." அதற்குக் கீழே, அந்தக் கூலிங்கிளாஸ் நம்பர் குரூப்பை விட்டு வெளியேறியதாக ஒரு வரி. அன்று சாயங்காலம் அப்பா, அம்மாவின் போனை என் கையில் வைத்து, "இனிமே நீ தாராளமாப் பேசு பாப்பா, எனக்கு உன் மேல நம்பிக்கை இருக்குது" என்றார். போன் என் கையில் இருந்தது. பேசத்தான் அந்தப் பக்கம் ஆள் இல்லை. ரேவதி கொஞ்ச நாள் எழுதினாள். பிறகு அவளும் குறைத்துக்கொண்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "நீ வேணும்னேவா பண்ண?" என்று மட்டும் எழுதினாள். அடுத்த நாளே காலை வணக்கம் படம் அனுப்பினாள். திருப்பி அனுப்ப எனக்குக் கூச்சமாக இருந்தது.

பாறைக்கு எதிரில் நான் சுத்தமானவள் என்று ஆகிவிட்டது. ஆனால் கோயிலில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் எங்களைப் பார்த்திருக்கிறார். ஊருக்குள் வந்ததும் பேச்சு கிளம்பியது. நான் சத்தியம் செய்தது யாருக்கும் கணக்கில்லை. "ஒன்னுமில்லாமயா வட்டப்பாறைக்கு இட்டுக்கினு போவாங்க?" இதுதான் கணக்கு. குழாயடியில் என் காது படவே கேட்டார்கள். அம்மா பதிலுக்குச் சண்டை போட்டு வந்து, ஒரு மணி நேரம் படுத்துக்கொண்டார். மூன்றாம் மாதம் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். சம்மதமா என்று கேட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். என் தலை ஆட்டத்துக்கு எப்போதும் ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

உன் அப்பாவைப் பற்றி நான் ஒன்றும் தப்பாக எழுத மாட்டேன். விழுப்புரத்தில் மோட்டார் கடையில் வேலை செய்கிறார். தினமும் மத்தியானம் "சாப்டியா" என்று அனுப்புகிறார். நான் "ம்" என்று அனுப்புகிறேன். போன வாரம், "கல்யாணத்துக்கு அப்பறம் நமக்கு ஒரே போன் போதும், நமக்குள்ள எதுக்குத் தனித்தனியா?" என்று எழுதியிருந்தார். பிரியமாகத்தான் எழுதியிருக்கிறார், எனக்குப் புரிகிறது. அதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். மாடு குடித்து முடித்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அம்மா போனிலிருந்து அவர் போன். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிறேன், அவ்வளவுதான். பதிலுக்கு "சரிங்க" என்றுதான் அனுப்பினேன்.

பத்திரிகை அடித்து வந்தது. தூரத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம், படமாக வந்திருக்கிறது என்றார் அப்பா. அன்றைக்குத்தான் என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைக் கேட்டேன். "கௌசல்யா வூட்டுக்கு நேர்ல போயி வைக்கணும்பா." அந்தப் பெண்ணின் வேலை போனது அப்பாவுக்கும் பின்னால் தெரியவந்தது. அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. "போலாம்" என்றார். கல்யாணப் பத்திரிகை வைப்பது காரணத்தில் சேரும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் ஏறினோம்.

சரவணன் அண்ணன் படத்தில் இருப்பதைவிட ஒல்லி. எங்களை வாசலுக்கே வந்து வரவேற்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கௌசல்யா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்கோடு அம்மா பத்திரிகையை வைத்துக் கொடுத்தார். சரவணன் அண்ணன் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நல்ல வேளம்மா, உங்கப்பா அன்னிக்கி போன் போட்டாரு. இல்லன்னா இவ என் போன்ல இன்னும் இன்னா இன்னா பண்ணிக்கினு இருந்திருப்பாளோ. உனக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கௌசல்யா காலி சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். "அண்ணா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் "அண்ணா, அவ எந்தப் பையன்கிட்டயும் பேசல. என்கிட்டதான் பேசனா. அவளை வேலைக்கு அனுப்புங்கண்ணா" என்றேன்.

சரவணன் அண்ணனுக்குக் கோபம் வந்தது போலத் தெரியவில்லை. சிரித்தார். "ஏம்மா, நீயே கல்யாணம் பண்ணிக்கினு போற. அவளுக்கு மட்டும் எதுக்கு வேலை? அவளுக்கும் பாத்துக்கினுதான் இருக்கோம்." அவர் அம்மா உள்ளேயிருந்து, "காப்பி எடுத்துக்கோங்க" என்றார். என் அப்பா, "தம்பி, அன்னிக்கி நான் போட்ட போனு..." என்று ஆரம்பித்து, "தப்புப்பா" என்று மட்டும் சொல்லி நிறுத்தினார். சரவணன் அண்ணனுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. "அட, அதெல்லாம் எதுக்கு சார்" என்றார்.

கௌசல்யா எங்களோடு ரோடு வரைக்கும் வந்தாள். பத்தடி பின்னால் அவள் அண்ணன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"சொல்லாத இருந்திருக்கலாம்ல" என்றாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"ம்" என்றேன்.

"உன் வூட்டுக்காரரு போன் வாங்கித் தருவாராடி?"

"ஒரே போன் போதும்ன்றாரு."

அவள் சிரித்தாள். வருஷக்கணக்கில் எழுத்தில் மட்டும் பார்த்த சிரிப்பு. "வாங்கித் தந்தாக்கூட நம்பர் அனுப்பாத. எங்கண்ணன்தான் எடுப்பான்." பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. அவள் அவசரமாகச் சொன்னாள்: "கல்யாணத்துக்குக் கண்டிப்பா இட்டுக்கினு வருவான். மேடையில போட்டோ எடுக்கச்சே உன் பக்கத்துல வந்து நிப்பேன். எதுன்னா பேசணும்னா அப்ப பேசு. ஜல்தியாப் பேசணும், பின்னாடி வரிசை நிக்கும்."

மகனே, உனக்குத் தங்கை பிறந்தால், அவள் உன் போனைக் கேட்டால், கொடு. கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்காதே. எங்கேயாவது போய் ஒரு டீ குடித்துவிட்டு வா. திரும்பி வந்ததும் அதைத் திறந்து பார்க்காதே. அவள் அழித்து வைத்திருந்தால், எதை அழித்தாய் என்று கேட்காதே, ஏன் அழிக்க வேண்டியிருந்தது என்று உன்னை நீயே கேட்டுக்கொள். அதைவிட நல்லது, அவளுக்கே ஒன்று வாங்கிக் கொடு. அதில் அவளுடைய படம் இருக்கட்டும். யாராவது ஒரு பெரியவர் நல்ல எண்ணத்தோடு போன் போட்டு உன் தங்கையைப் பற்றி உன்னிடம் ஒன்று சொன்னால், கேட்டுக்கொள், வைத்துவிடு, அவள் கட்டி வைத்த பையைத் தொடாதே. இதில் பாதியை உன் அப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வருமா தெரியவில்லை. முயற்சி செய்வேன். ஒரு முறை வாய் திறந்தாகிவிட்டது.

கல்யாணம் விழுப்புரத்தில். போட்டோவுக்கு ஒருத்தருக்கு அரை நிமிஷம் கிடைத்தால் அதிகம். அதற்குள் சொல்ல வேண்டியதை இப்போதிலிருந்தே சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிறேன். மன்னிச்சிரு என்றால் அவள் பதில் சொல்லப் போகும் நேரத்தில் வரிசை நகர்ந்துவிடும். நீ போய்விடு, எப்படியாவது அந்த வேலைக்குப் போய்விடு என்று சொல்வதா என்றும் யோசிக்கிறேன். இன்னும் முடிவு செய்யவில்லை. ஒன்று மட்டும் தெரியும். நீ பெரியவனாகி எங்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போது, எல்லாப் படத்திலும் உன் அம்மா கேமராவைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்பாள். ஒரு படத்தில் மட்டும் முகத்தை அப்படியே திருப்பி, பக்கத்தில் நிற்கும் ஒரு பெண்ணின் காதருகே வாயைக் கொண்டுபோய் எதையோ சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தப் படம் சரியாக விழவில்லை, எடுத்துவிடலாம் என்று போட்டோக்காரர் சொல்வார். நான் எடுக்க விடமாட்டேன்.

உன் அம்மா